காற்றடித்துக் கெட்ட சென்சார்

அந்த வாரம் நான் உட்கார்ந்து சாப்பிட்டதாகவே ஞாபகம் இல்லை. நின்றுகொண்டே தின்றேன், நடந்துகொண்டே போன் பேசினேன், படுத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. வாஷிங் மிஷின் நின்றுபோயிருந்தது. ஒரு மிஷின் நின்றதற்கா இந்தப் பாடு என்று கேட்கிறவர்கள் என் வீட்டுக்கு வந்து ஒரு நாள் துணி துவைத்துப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

வீட்டில் அம்மா படுக்கையில் இருந்தாள். கணியூரில் அண்ணன் வீட்டில் இருந்தவள். தென்னந்தோப்பு வாய்க்காலில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, எழுந்து நடக்கிற வரைக்கும் என்று அவிநாசிபாளையத்துக்கு என்னிடம் வந்தாள். அண்ணிக்கு முதுகுத் தண்டில் கோளாறு, ஆளைத் தூக்கிப் புரட்ட முடியாது. அம்மா நடக்கவில்லை. படுக்கையிலேயே மூத்திரம் போய்விடும். கடையில் விற்கிற டயாபரைப் போட்டால் எங்கள் ஊர் வெயிலுக்குத் தோல் வெந்து புண்ணாகிறது. பருத்தித் துணியே போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பூர்க்காரிக்குப் பருத்தித் துணிக்கா பஞ்சம்? நான் வேலை பார்க்கிற கம்பெனியில் கழித்துப் போட்ட, இன்டர்லாக் என்கிற பனியன் துணியை வாங்கி வந்தேன். என் வீட்டுக்காரர் அதை மடிப்பு மடிப்பாக அடுக்கி, ஓரத்துக்கு ஓவர்லாக் அடித்து, மெத்தென்று விரிப்புகளாகத் தைத்துக் கொடுத்தார். நல்லபடி உறிஞ்சும், அம்மாவுக்கும் உறுத்தாது. ஆனால் விடிந்தால் ஒரு குவியல், பொழுது விழுந்தால் ஒரு குவியல். அதையெல்லாம் அடுப்படிக்குப் பின்னால் நிற்கிற அந்த மிஷின்தான் தின்றுகொண்டிருந்தது.

நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். மதியம் ஓடி வந்து அம்மாவைப் புரட்டிப் போட்டு, துணி மாற்றி, சோறு ஊட்டிவிட்டு மறுபடி ஓடுவேன். நடுவில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக்கொள்வார். மிஷின் ஓடுகிற வரைக்கும் இந்த ஏற்பாடு ஓடியது. மிஷின் நின்றதும் எல்லாம் நின்றது.

அண்ணனிடம் சொல்லியிருக்கக் கூடாது. என் ஓட்டை வாய் சொல்லிவிட்டது. அண்ணன் கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் சீக்கிரம் முடித்துவிடவேண்டும் அவருக்கு. உடுமலையில் ஒரு முதியோர் ஹோம் பார்த்து வைத்திருந்தார். நான் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கியபடி ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தேன்.

“இங்க பாரு அம்மிணி, நீயும் வேலைக்குப் போறவ. மிசுனும் போச்சுங்கற. கையில தொவச்சுட்டு எத்தனை நாளைக்கு ஓட்டுவ? ஞாயித்துக்கெழம காரெடுத்துட்டு வர்றேன். இதே நெலமதான்னா அம்மாளைக் கூட்டீட்டுப் போயி அங்க சேத்தீறலாம்.”

அதெல்லாம் வேண்டாம், மிஷின் நாளைக்கே சரியாகிவிடும் என்று அடித்துச் சொன்னேன். வெறுங்கையில் முழம் போடுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. முன்னறையில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மிஷினின் நோய் இப்படித்தான் ஆரம்பித்தது. தண்ணீர் பிடிக்கும், பிடிக்கும், பிடித்துக்கொண்டே இருக்கும். தொட்டியில் போதுமான தண்ணீர் ஏறிய பிறகும் ஏறவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அப்புறம் கீச்சு கீச்சென்று கத்தி, திரையில் ஒரு எழுத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடும். நிறுத்திப் போட்டால் மறுபடி அதே கதை. முதலில் நான் தண்ணீர் வருகிற பக்கத்தைச் சந்தேகப்பட்டேன். போர் தண்ணீர், உப்பு. குழாய் மாட்டுகிற வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றினால் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. எலுமிச்சை போட்டு ஊறவைத்துத் தேய்த்து மாட்டினேன். தண்ணீர் இன்னும் வேகமாக ஏறியது, இன்னும் வேகமாகக் கத்தியது, அவ்வளவுதான் பலன்.

என் வீட்டுக்காரர் தையல் மிஷின் மெக்கானிக். கம்ப்யூட்டர் போர்டு வைத்த பவர் தையல் மிஷினையே கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவர் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை ஊரார் சொல்வதைவிட அவரே அதிகம் சொல்வார். வெளியாளைக் கூப்பிடலாம் என்று நான் வாயெடுத்ததும் முகம் சுருங்கிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நியாயத்தைச் சொல்லவேண்டும், இடத்தைச் சரியாகத்தான் பிடித்தார். தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் மேலே ஏறுகிறது. தொட்டியில் தண்ணீர் ஏற ஏற, அந்தக் குழாய்க்குள் இருக்கிற காற்று நெருக்கப்படுகிறது. மேலே குழாயின் தலையில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு சென்சார். காற்றின் நெருக்கத்தை வைத்து, தண்ணீர் இவ்வளவு ஏறிவிட்டது என்று மிஷினின் மூளையான போர்டுக்குச் சொல்வது அதுதான். குழாயின் அடிவாயில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஆசை ஆசையாகத் தைத்த இன்டர்லாக் விரிப்புகள் ஒவ்வொரு துவையலுக்கும் உதிர்த்த பஞ்சு, சோப்போடு சேர்ந்து கொழகொழவென்று திரண்டு உட்கார்ந்திருந்தது.

“பாத்தியா புள்ள, இதுக்குப் போயி ஆளைக் கூப்புடோணுங்கற” என்றார்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எங்கள் ஊரில் எந்த மிஷினுக்கும் ஒரே வைத்தியம், காற்று. தையல் மிஷினில் பஞ்சு அடைத்தால் காற்று, துணி பின்னுகிற நிட்டிங் மிஷினுக்குக் காற்று, வேலை முடிந்து கிளம்பும்போது சட்டைக்கும் தலைமுடிக்கும் காற்று. கம்ப்ரஸர் குழாயின் நுனியில் இருக்கிற, கன் என்று நாங்கள் சொல்கிற காற்றுத் துப்பாக்கியை ஒரு அழுத்து அழுத்தினால் போகாத பஞ்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கென்று வீட்டிலேயே ஒரு பழைய கம்ப்ரஸர் வைத்திருக்கிறார். அதை இழுத்து வந்து, குழாயின் கீழ் முனையை மட்டும் கழற்றி, கன்னை வைத்து ஒரு அடி அடித்தார். மேல் முனை சென்சாரிலேயே மாட்டியிருந்தது. உள்ளே எங்கோ டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. அடைப்பு விட்டுவிட்டது என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம்.

பூட்டி சுவிட்சைப் போட்டால், தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை, அதற்குள் கத்தியது. திரையிலும் வேறு எழுத்து. மறுபடி போட்டார், மறுபடி கத்தியது. அரைமணி நேரம் அதன் முன்னால் குந்தியிருந்துவிட்டு எழுந்தார். “போர்டு போச்சு” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். மறுநாள் சர்வீஸ் ஆளை வரவழைத்தேன். அவரும் திரையைப் பார்த்தார், டீ குடித்தார், போர்டு மாற்றவேண்டும், ஆர்டர் போட்டு வர இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இரண்டு வாரம்! ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மிஷினை ஒரு எத்து எத்தினேன். கால் விரல்தான் வீங்கியது.

கையில் துவைத்தோம். விடிவதற்குள் நானும் என் வீட்டுக்காரருமாகக் கல்லில் போட்டுத் தேய்த்து, அலசி, பிழிந்து, மொட்டைமாடியில் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினோம். கனத்த விரிப்பு, தண்ணீர் குடித்தால் குழந்தை கனம் கனக்கும். என் மணிக்கட்டு போயே போய்விட்டது. நல்லவேளையாக நாளுக்கு நாள் துணி குறைந்துகொண்டு வந்தது. சாமி கண்ணைத் திறந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் மூத்திர வாடை மட்டும் முன்னைவிட நெடியடித்தது. கைத்துவையலில் அழுக்குப் போகவில்லை, எல்லாம் இந்த மிஷினால் வந்த வினை என்று அதையும் மிஷின் கணக்கிலேயே சேர்த்தேன். அம்மா முன்போல் பேசவும் இல்லை. கேட்டால் வெயில் என்றாள். வெயில்தான் எல்லோருக்கும் அடிக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம். செக்கிங் டேபிளில் ஒரு பெண் ஒரு பீஸைக் கொண்டுவந்து காட்டினாள். தோள்பட்டையில் ஓட்டை, பக்கத்திலேயே எண்ணெய்க் கறை. இரண்டையும் தையல்காரன் தலையில் கட்டியிருந்தாள். நான் சத்தம் போட்டேன். எண்ணெய் தைக்கிற மிஷினில் பட்டது, ஓட்டையோ துணி பின்னும்போதே ஊசி உடைந்து விழுந்தது, ஒரே இடத்தில் இருந்தால் ஒரே ஆள் செய்ததாகிவிடுமா, முன்னால் வந்தது எது பின்னால் வந்தது எது என்று பார்க்க மாட்டாயா என்று கத்திக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். அந்தப் பெண் இன்னும் திட்டு பாக்கியிருக்கிறதா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வீட்டு மிஷினுக்கும் இதைத்தானே செய்தோம்! முதலில் வந்த எழுத்து வேறு, காற்றடித்த பிறகு வந்த எழுத்து வேறு. முதல் கோளாறு பஞ்சால் வந்தது. இரண்டாவது பஞ்சால் வந்ததல்ல, அந்த டப் சத்தத்தோடு வந்தது. காற்றடிக்கிற வரைக்கும் போர்டு நன்றாகத்தானே இருந்தது? தண்ணீர் பிடித்தது, கத்தியது, நின்றது. ரப்பர் குழாயில் அடித்த காற்று போர்டுக்கு எப்படிப் போகும்? குழாயின் தலையில் இருப்பது சென்சார் அல்லவா? மேனேஜரிடம் பர்மிஷன் கேட்டேன். ஷிப்மெண்ட் நாளில் பர்மிஷனா என்று அவர் முனகினார். முனகி முடிக்கும்போது நான் கேட்டைத் தாண்டியிருந்தேன்.

வீட்டுக்காரரை போன் போட்டு வரவழைத்து விஷயத்தைச் சொன்னேன். ஒரே சண்டை. காற்றடித்து ஒரு மிஷின் கெட்டதாகத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். அது தையல் மிஷினுக்கு, இதற்குள் பப்படம் மாதிரி மெல்லிய தோல் இருக்கும் என்றேன். நீ எப்போது மெக்கானிக் ஆனாய் என்று கேட்டார். நீங்கள் கெடுத்த அன்றைக்கு ஆனேன் என்றேன். அப்புறம் அவரே போய் கரண்ட் பார்க்கிற மீட்டரை எடுத்து வந்தார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான், ரோசம் இருக்கும், ஆனால் மீட்டர் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

சென்சாருக்குப் போகிற மூன்று ஒயரில் மீட்டரை வைத்துப் பார்த்தார். போர்டிலிருந்து வரவேண்டிய கரண்ட் சரியாக வந்துகொண்டிருந்தது. செத்த போர்டு கரண்ட் அனுப்புமா? அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சென்சாரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதன் மூக்கில் குழாயை மாட்டி, மெதுவாக, குழந்தைக்குச் சூடாற்றுகிற மாதிரி ஊதி, நாக்கால் குழாயை அடைத்தேன். உள்ளே நல்ல தோல் இருந்தால் ஊதிய காற்று நிற்கவேண்டும், நாக்கை நெட்டவேண்டும். நிற்கவில்லை. புஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தது. அவரிடம் நீட்டினேன். அவரும் ஊதினார், நாக்கை வைத்தார், மறுபடி ஊதினார்.

“நாந்தான் கெடுத்துப்போட்டனா?” என்றார்.

விடிந்ததும் கடைக்குக் கிளம்புங்கள் என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை டவுனில் பழைய மிஷின்களைப் பிரித்து விற்கிற கடையில் ஒரு சென்சார் வாங்கி வந்தார். பார்க்க அச்சு அசல் அதேதான். மாட்டினோம், கத்தவில்லை, தண்ணீர் பிடித்தது. நான் ஓடிப்போய் அம்மாவிடம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்து பார்க்கிறேன், தொட்டி நிரம்பி, விளிம்பு வழிந்து, அடுப்படி வரைக்கும் வெள்ளம். பழையதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்பர் வேறு, அது வேறு மாடலுடைய சென்சார். நிறைந்த தொட்டியைப் பாதித் தொட்டி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என்னை நானே திட்டிக்கொண்டு, ஈரத்தைத் துடைத்தேன். அதன் மேல் போட்டிருக்கிற நம்பரைப் பார்த்து வாங்கவேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் மறுபடி ஓடினார். கடை சாத்தியிருந்தது.

ராத்திரி நான் தூங்கினேனா என்று கேட்காதீர்கள். ஞாயிறு காலை அவர் கடைக்காரரின் வீட்டுக்கே போய் எழுப்பி, கடையைத் திறக்கவைத்து, நம்பர் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குள் அண்ணன் பாதி வழி தாண்டிவிட்டேன் என்று போன் செய்துவிட்டார். இந்த முறை குழாயின் அடிவாயைக் கம்பியால் சுரண்டி, பஞ்சு போகத் தண்ணீர்விட்டு அலசி, சென்சாரை மாட்டினோம். கம்ப்ரஸர் பக்கம் அவர் திரும்பியே பார்க்கவில்லை. விரிப்புகளை நைலான் வலைப்பையில் கட்டிப் போட்டுச் சுவிட்சை அழுத்தும்போதே வாசலில் கார் வந்து நின்றது.

மிஷினுக்குக் காவல் நிற்பதா, அண்ணனை வாங்க என்று அழைப்பதா? பாதி மனசோடு முன்னறைக்கு வந்தேன். அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்திருந்தார். கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது. அம்மாவின் உதடு வெடித்துப் பொருக்கு விட்டிருந்தது. அதை நான் தினமும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பார்க்கும்போதுதான் என் கண்ணுக்கும் பட்டது.

“என்ன அம்மிணி இது, வாயெல்லாம் காஞ்சு கெடக்குது” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. உன்னைக் குறை சொல்லவில்லை, உன்னால் முடியவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லி, ஹோமில் பெட் ஒன்று காலியாக இருப்பதாகவும், இன்றைக்கே கூட்டிப்போய்விடலாம் என்றும் மெதுவாகப் பேசிக்கொண்டே போனார். என் காது முழுக்க அடுப்படிப் பக்கமே இருந்தது. தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. ஏறிக்கொண்டே இருந்தது. நின்றது. கத்தப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கத்தவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, கடகடவென்று துணியைப் புரட்டத் தொடங்கியது.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

“கண்ணு, மிசுனு ஓடுதா?”

“ஓடுதும்மா.”

“நெசமாவா? நேத்தாட்டம் நின்னு போவாதே?”

“நிக்காதும்மா. சரியாயிருச்சு.”

அவள் அந்தச் சத்தத்தைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்திருக்கப் பார்ப்பதுபோல் தலையைத் தூக்கினாள்.

“அப்படின்னா தண்ணி குடு சாமி. தொண்டை ஒணந்து போச்சு.”

எனக்கு உடனே விளங்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அந்த வாரம் பூராவும் நிறையத்தான் இருந்தது. நான் வந்து பார்க்கும்போது பக்கத்து வீட்டு அக்கா நிரப்பி வைத்தார் என்று நினைத்தேன், அக்கா நான் நிரப்பினேன் என்று நினைத்திருக்கிறார். ஊட்டும்போதும் ஒரு மடக்கு குடித்துவிட்டுப் போதும் என்பாள், அவசரத்தில் நானும் டம்ளரை வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். துணி ஏன் குறைந்தது, வாடை ஏன் நெடியடித்தது என்று எனக்கு அப்போது விளங்கியது.

“ஏம்மா, இத்தனை நாளும் தண்ணி குடிக்கலையா நீ?”

“குடிச்சா துணி சேந்து போவுமல்லொ” என்றாள் அம்மா. “நீங்க ரெண்டு பேரும் விடியறதுக்குள்ள கல்லுல போட்டு அடிக்கற சத்தம் கேக்குது. உங்கண்ணன் போன்ல சொன்னதும் கேட்டுது. துணி கொறஞ்சா இங்கயே வச்சுக்குவன்னு நெனச்சேன்.”

தலையைத் தாங்கிப் பிடித்து டம்ளரை உதட்டில் வைத்தேன். கன்னத்தில் வழியவழிய, மூச்சு விடாமல் குடித்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இனிமேல் ஒரு வாய் குறைத்துக் குடித்தால் நானே உன்னைத் தூக்கிக்கொண்டுபோய் உடுமலையில் விட்டுவிடுவேன் என்று பெற்றவளைப் போட்டு அப்படிக் கத்தினேன். அடுப்படி வாசலில் என் வீட்டுக்காரர் ஈரக்கையோடு வந்து நின்றார். அண்ணன் காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, சொம்பிலிருந்து அவரே மறுபடி நிரப்பி அம்மாவிடம் நீட்டினார்.